தூரத்துச் சிற்றூர்கள் இரண்டை ஒப்பிட வேண்டுமா? கடிகாரத்தில் ஆரம்பியுங்கள்

பெரிய நகரங்களின் நேர வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது எளிது. சின்ன ஊர்களில்தான் சிக்கல், ஏனென்றால் மாநிலத்தின் நேரம் ஒன்றாகவும் ஊரின் நேரம் வேறாகவும் இருக்கலாம். கொஞ்சம் முரண்டு பிடிக்கிற இரண்டு ஊர்களை வைத்தே பார்த்துவிடுவோம்: ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில், ஆர்க்டிக்கில் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள லாங்யர்பியன்.

"எத்தனை மணி வித்தியாசம்" என்று நேராகத் தேடாதீர்கள். ஒவ்வொரு ஊரும் யுடிசியிலிருந்து, அதாவது உலகம் முழுக்கக் கடிகாரங்களுக்கு அடிப்படையான பொது நேரத்திலிருந்து, எத்தனை மணி தள்ளி இருக்கிறது என்று தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடி. ப்ரோக்கன் ஹில் இருப்பது நியூ சவுத் வேல்ஸில், ஆனால் அது சிட்னியின் +10 நேரத்தைப் பின்பற்றுவதில்லை, பக்கத்து மாநிலமான தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகர் அடிலெய்டின் +9:30 நேரத்தில் ஓடுகிறது. லாங்யர்பியனுக்கு ஆஸ்லோ நேரம், +1. கழித்தால் எட்டரை மணி.

சரி, வேலை முடிந்ததா என்றால் இல்லை. இரண்டு ஊரும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகின்றன, ஆனால் ஒன்று தென்கோளம், மற்றது வடகோளம் என்பதால் கோடை எதிரெதிர் மாதங்களில் வருகிறது. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லாங்யர்பியன் +2. அக்டோபர் முதல் ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ப்ரோக்கன் ஹில் +10:30. ஆகவே வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் வித்தியாசம் ஏழரை மணி, அநேகமாக மீதி நாளெல்லாம் ஒன்பதரை. நாம் கணக்குப் போட்ட எட்டரை வருவது அக்டோபரில் மூன்று நான்கு வாரங்களும் மார்ச் கடைசியில் ஒரு வாரமும்தான், அதுவும் இரண்டு ஊருமே முன்னே தள்ளி வைத்திருக்கும்போது! இரண்டும் ஒரே நாளில் இயல்பு நேரத்தில் இருப்பதே கிடையாது. போனில் பேச நாள் குறிப்பதாக இருந்தால் இந்த இடைவாரங்களைத்தான் முதலில் பாருங்கள்.

அடுத்து, கடிகாரம் சூரியனோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு டிகிரி தீர்க்கரேகைக்கு 4 நிமிடம், அவ்வளவுதான் கணக்கு. ப்ரோக்கன் ஹில் கிழக்கே சுமார் 141.5 டிகிரி, அதாவது 9 மணி 26 நிமிடம், எனவே அடிலெய்டு நேரம் கச்சிதம். லாங்யர்பியன் 15.6 டிகிரி, அதுவும் +1க்குப் பொருந்துகிறது. ஆனால் அங்கே பொருந்தி என்ன லாபம்? அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் எழுவதே இல்லை, ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பாதி வரை மறைவதும் இல்லை. கடைசியில் விடியலையும் அந்தியையும் முடிவு செய்வது அலுவலக நேரம்தான்.

அப்புறம் முக்கியமான கேள்வி: இந்த ஊர் ஏன் இந்த நேரத்தை வைத்திருக்கிறது? ஊரின் குணம் இங்கிருந்துதான் பிடிபடத் தொடங்கும். ப்ரோக்கன் ஹில்லின் வெள்ளி, ஈயம், துத்தநாகம் ரயிலேறியது தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு. அந்தப் பக்கம் 1888இலேயே ரயில் இணைப்பு வந்துவிட்டது, சிட்னிப் பக்கம் 1927இல்தான். பிழைப்பு எந்தத் திசையில் போனதோ கடிகாரமும் அந்தத் திசையில் போயிருக்கிறது. ஊர்த் தெருக்களின் பெயர்களும் ஆர்ஜென்ட், ஆக்சைடு, குளோரைடு என்று இருக்கின்றன, வேதியியல் பாடப் புத்தகம் மாதிரி. தொழிற்சங்கங்கள் தங்களுக்கென்று ஒரு நாளிதழே நடத்திய ஊர் அது.

லாங்யர்பியனும் 1906இல் நிலக்கரிக்காகத் தொடங்கிய ஊர்தான். கரித்தூள் வீட்டுக்குள் வராமலிருக்க வாசலில் காலணியைக் கழற்றிய பழக்கம் இன்று ஹோட்டல்கள் வரை நிற்கிறது. ஸ்வால்பார்ட் பற்றி நாடுகள் செய்துகொண்ட 1920 ஒப்பந்தத்தின் காரணமாக அங்கே குடியேற விசா வேண்டாம், அதனால் பல நாட்டவர்கள் வந்து சில வருடம் இருந்துவிட்டுக் கிளம்புகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய வேறுபாடாகப் படுகிறது: ப்ரோக்கன் ஹில்லில் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கக் குடும்பங்கள், இங்கே வந்துபோகிற ஜனம்.

நீங்கள் எடுக்கும் ஊர்களுக்கும் இதே வரிசையில் கேளுங்கள்: யாருடைய நேரம், எதற்காக, சூரியன் ஒத்துழைக்கிறதா, ஊரில் இருப்பவர்கள் எவ்வளவு காலம் இருக்கிறார்கள். மக்கள்தொகை, பரப்பளவு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.