வெள்ளி உருக்கப் பழகுகிறீர்களா? முதலில் ஈரத்தைக் கவனியுங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறைக்குப் புதிதாக வருபவர்கள் நெருப்புக்குப் பயப்படுவார்கள். நெருப்பாவது கண்ணுக்குத் தெரியும், ஈரம் தெரியாது. வெள்ளி உருகுவது 962 டிகிரி செல்சியஸில், தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். ஒரு மில்லி தண்ணீர் ஆவியானால் ஒன்றரை லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். அந்த இடம் கிடைக்காவிட்டால் வெடிக்கும்.

முதலில் வீட்டில் ஒன்றைப் பாருங்கள். எண்ணெய் தடவாத இரும்பு தோசைக்கல்லை மிதமாகக் காயவைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே சுண்டிவிடும். கல் நன்றாகக் காய்ந்தபின் விட்டால் அதே சொட்டு உருண்டு ஓடும், வற்ற நேரமாகும். அடியில் உருவாகும் ஆவிப் படலம் சூட்டைத் தடுப்பதே காரணம். 1756-ல் இதை விவரித்து எழுதிய ஜெர்மன் மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் பெயரில்தான் இந்த விளைவு இன்றும் அழைக்கப்படுகிறது.

உருகிய உலோகமும் தண்ணீரும் சந்திக்கும்போதும் நடுவில் இந்தப் படலம்தான். அது இருக்கும்வரை வெறும் கொதிப்புதான். ஓர் அதிர்வில் படலம் உடைந்தால் உலோகம் பொடிப்பொடியாகச் சிதறும், தண்ணீரைத் தொடும் பரப்பு பல மடங்காகும், மொத்தச் சூடும் கண் இமைப்பதற்குள் தண்ணீருக்குள் இறங்கிவிடும். எதுவும் எரிய வேண்டியதில்லை. இதுதான் ஆவி வெடிப்பு.

சரி, பட்டறைக்கு வருவோம். எவ்வளவு தண்ணீர் என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். உலோகத்துக்கு அடியில் சிக்கிய ஈரம், மேலே இருக்கும் வெள்ளியைத் தூக்கி எறிந்துதான் வெளியே வரும்.

அதனால் அச்சைத் துரு போகத் தேய்த்து, 100 டிகிரிக்கு மேல் நன்றாகச் சூடாக்கிய பிறகே ஊற்றுங்கள். துரு ஈரத்தைப் பிடித்து வைக்கும். இடுக்கி, கிளறும் கம்பி எல்லாவற்றையும் உலை வாயில் காட்டிச் சூடேற்றுங்கள்.

பழைய கொலுசை உருக்கும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். கழுவிய தண்ணீர் சலங்கை மணிகளுக்குள் ஒளிந்திருக்கும். நசுக்கி, காயவைத்துப் பிறகு மூசையில் (உலோகம் உருக்கும் கிண்ணத்தில்) போடுங்கள். அழுக்கைப் பிரிக்கப் போடும் வெங்காரத்தையும் (போராக்ஸ்) சிட்டிகை சிட்டிகையாகத்தான் போட வேண்டும். அதன் படிகத்துக்குள்ளேயே தண்ணீர் உண்டு, பொங்கும்.

காய்ந்த சிமெண்ட் தரையிலும் ஈரம் இருக்கும். மூசைக்குக் கீழே காய்ந்த மணல் பரப்புங்கள். ஐப்பசி மழைக்காலத்தில் அந்த மணலையும் ஒருமுறை வறுத்துக்கொள்வது நல்லது.