விஎம்-இல் டிக்கை எண்ணாதீங்க, கடிகாரத்தைப் படியுங்க

விர்ச்சுவல் மெஷினில் (விஎம், அதாவது நிஜக் கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி) ஓடும் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி), டைமர் இன்டரப்ட் (சீரான இடைவெளியில் டைமர் தரும் குறுக்கீடு, இதுதான் டிக்) வந்ததும் ‘10 மில்லிசெகண்ட் கூட்டு’ என்று எழுதாதீங்க. அங்கேயே கேவிஎம்-கிளாக்கையோ (ஹோஸ்ட், அதாவது விஎம்மை ஓட்டும் நிஜக் கணினி, தரும் கடிகாரம்) டிஎஸ்சியையோ (சிபியூவுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணி) படித்து, போன தடவையிலிருந்து எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறதோ அதைச் சேருங்க. கோவை, ஈரோடு, பெருந்துறைப் பக்கம் கல்லூரி லேபில் கியூஎமு (விஎம் ஓட்டும் மென்பொருள்) வைத்துச் சொந்தக் கெர்னல் எழுதும் தம்பி தங்கைகள் இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லதுங்க.

ஹோஸ்ட் உங்கள் விசிபியூவை (விஎம்மின் சிபியூவை) ஓடவிடாமல் ஒதுக்கி வைத்த நேரத்தில் நாலு டிக் வந்தாலும், லோக்கல் ஏபிக்கில் (சிபியூவுக்கு இன்டரப்டைக் கொண்டுசேர்க்கும் பகுதி) காத்திருக்கும் இன்டரப்டைக் குறிக்க ஒரு வெக்டருக்கு (இன்டரப்டின் எண்) ஒரே பிட்தான். நாலும் ஒன்றாகிவிடும், கெர்னல் நேரம் பின்தங்கிவிடும். தூங்கும்போது ஊதின மில் சங்கு கணக்கில் வராது, எழுந்ததும் கடிகாரத்தைத்தான் பார்க்கணும். அடுத்த டைமரையும் ‘இப்போதிலிருந்து 10’ என்று வைக்காமல் பழைய கெடுவோடு (போன டைமர் அடிக்க வேண்டியிருந்த நேரம்) 10 கூட்டி வையுங்க; அது ஏற்கெனவே கடந்திருந்தால், இனி வரும் கெடுவுக்குத் தாவுங்க.

ஒரு பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எவ்வளவு சிபியூ தின்றது என்ற கணக்குக்கு இது மட்டும் போதாது, ஸ்டீல் டைமை (விசிபியூ ஓடத் தயாராக இருந்தும் ஹோஸ்ட் ஓடவிடாத நேரம்) கழிக்கணும். விஎம் வேறு வேக ஹோஸ்டுக்கு மாறக்கூடும் என்றால் வெறும் டிஎஸ்சியை நம்ப வேண்டாம், கேவிஎம்-கிளாக்தான் சரி.