முதலில் உங்கள் புறங்கையைப் பாருங்கள்: வெயில், சாப்பாடு, தோல்

சட்டைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு நல்ல வெளிச்சத்தில் நில்லுங்கள். அக்குளுக்குச் சற்றுக் கீழே, மேல்கையின் உள்பக்கத்தைப் பாருங்கள். அப்புறம் புறங்கையைப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வயதுதான். ஆனாலும் உள்பக்கம் மிருதுவாக, ஒரே நிறமாக இருக்கும். புறங்கையில் சுருக்கமும் புள்ளியும் திட்டுகளும் தெரியும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது பளிச்சென்று தெரியும். இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு வெயிலுடையது.

படி 1: எது சுடுகிறது, எது சுருக்குகிறது

புற ஊதாக் கதிர்களில் யுவிபி தோலின் மேலடுக்கைச் சுட்டுச் சிவக்க வைக்கும். யுவிஏ சத்தமில்லாமல் உள்ளே இறங்கி, தோலைத் தாங்கும் கொலாஜனைச் சிதைக்கும். சாதாரணக் கண்ணாடி யுவிபியை ஏறக்குறைய நிறுத்திவிடும், யுவிஏவை உள்ளே விட்டுவிடும். 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, தொங்கி, வரிவரியாகச் சுருங்கியிருந்தது. வலது கன்னம் பல வருடம் இளையவருடையது போல இருந்தது.

படி 2: நிழலை அளந்து பாருங்கள்

வெளியே நிற்கும்போது உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது. அந்த நேரத்து வேலையை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால் அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை. துணி வியர்வையில் கரைந்து போகாது என்பதால் எனக்கு சன்ஸ்கிரீன் க்ரீமைவிடத் துணிமேல்தான் நம்பிக்கை அதிகம்.

படி 3: சன்ஸ்கிரீன், முக்கியமாக அதன் அளவு

லேபிளில் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' (யுவிஏ, யுவிபி இரண்டையும் தடுப்பது) என்று இருக்க வேண்டும், எஸ்பிஎஃப், அதாவது வெயில் சுடுவதைத் தடுக்கும் அளவைக் காட்டும் எண், 30க்குக் குறையக் கூடாது. 30 என்றால் யுவிபியில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் சுமார் 98. இந்த ஒரு சதவீதத்துக்காகக் கடையில் அரை மணி நேரம் யோசிப்பவர்கள், வீட்டுக்கு வந்து பட்டாணி அளவுதான் எடுப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு ட்யூப் ஆறு மாதம் வருகிறதே என்று பெருமை வேறு!

ஆய்வகத்தில் எஸ்பிஎஃப் அளக்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். அதில் பாதிகூடப் பூசாவிட்டால் லேபிளில் உள்ள எண் உங்களுக்குப் பொருந்தாது. எனவே ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் க்ரீமைப் பிதுக்குங்கள். அது முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். இந்த அளவில் தினம் ஒருமுறை பூசினாலே 50 கிராம் ட்யூப் ஒன்றரை மாதத்துக்குள் தீர்ந்துவிடும். தீரவில்லையா? குறைவாகப் பூசுகிறீர்கள்.

கிளம்ப 15 நிமிடம் முன்பே பூசுங்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். காது, பின்கழுத்து, புறங்கை மூன்றையும் எல்லோரும் மறந்துவிடுவார்கள். மாநிறமோ கறுப்போ, இது நமக்கும் வேண்டும். நம் தோல் சட்டென்று சிவக்காதுதான், ஆனால் மங்கு விழும்.

படி 4: தட்டில் என்ன

கொலாஜன் இழை உறுதியாக முறுக்கேற உடலுக்கு வைட்டமின் சி வேண்டும். அது இல்லாமல் போனால் வருவதுதான் ஸ்கர்வி. ஈறில் ரத்தம் கசியும், ஆறிய புண்கூடத் திறந்துகொள்ளும். ஆரஞ்சு, குடைமிளகாய் போன்றவற்றைத் தினம் கொஞ்சம் சேருங்கள். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் சி நீரோடு போய்விடும். கொலாஜனுக்கு மூலப்பொருள் புரதம், அதனால் பருப்பு, முட்டை, மீன் என ஏதாவது ஒன்று வேளைக்கு வேளை இருக்கட்டும். தக்காளியை எண்ணெயில் சமைத்தால் அதன் சிவப்பு நிறமியான லைக்கோபீனை உடல் நன்றாக எடுத்துக்கொள்ளும். அது தோலில் சேர்ந்து வெயில் சிவப்பைக் கொஞ்சம் குறைக்கப் பத்து வாரமாவது ஆகும். சர்க்கரை கூடினால் அது கொலாஜனோடு ஒட்டி அதை விறைப்பாக்கும்.

சரி, மாத்திரை? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 903 பேரை நாலரை வருடம் கவனித்தார்கள். புறங்கையைச் சிலிகோன் அச்செடுத்து ஒப்பிட்டார்கள். இஷ்டப்பட்டபோது பூசியவர்களைவிட, தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லப்பட்டவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. அதே ஆய்வில் கொடுத்துப் பார்த்த பீட்டா கரோட்டின் (கேரட்டில் இருக்கும் ஆரஞ்சு நிறமி) மாத்திரையால் மொத்தத்தில் பலன் தெரியவில்லை. முடிவு 2013இல் வெளியானது. அதனால் மாத்திரைக்கு வைத்திருக்கும் காசில் இன்னொரு ட்யூப் வாங்குவேன் நான்.

படி 5: படம் எடுத்து வையுங்கள்

இன்றே புறங்கையையும் கன்னத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில், அதே நேரத்தில் இன்னொன்று. ஒப்பிடும்போது ஏதாவது மச்சம் பெரிதாகியிருந்தாலோ, ஓரம் கோணலாகியிருந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ க்ரீமை ஓரமாக வைத்துவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.