கோல சிலாங்கூரில் பறவை பார்க்கும் நடை: முதலில் கடலின் நேரத்தைப் பாருங்கள்

கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவில், புக்கிட் மெலாவாத்தி குன்றின் அடிவாரத்தில் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா இருக்கிறது. அலையாத்திக் காடும் உவர்நீர்க் குளமும் சேற்றுப் பரப்பும் அங்கே அடுத்தடுத்து அமைந்திருப்பதால், புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்கும் குழுவுக்கு அதைவிட ஏற்ற இடம் தலைநகருக்கு அருகில் இல்லை என்றே கருதுகிறேன்.

முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். வடக்கிலிருந்து வலசை வரும் கரைப்பறவைகளைச் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை காணலாம். மற்ற மாதங்களில் பெரும்பாலும் உள்ளூர்ப் பறவைகள்தாம்.

அடுத்தது தேதி. நீர் ஏறும்போதுதான் பறவைகள் கரையருகே வரும் என்பதால் அதைப் பார்த்தே நாளைக் குறிக்க வேண்டும். நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். பௌர்ணமியில் கடல் பொங்கும் என்று சிறு வயதிலிருந்தே கேட்டிருந்த நம்பிக்கையில், ஒரு பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, எங்கள் தாமானை (குடியிருப்புப் பகுதியை)ச் சேர்ந்த பதினொரு பேரைத் திரட்டி, வழியில் நிதானமாகப் பசியாறிவிட்டு, ஒன்பதரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கண்ணுக்கெட்டிய வரை சேறுதான் தெரிந்தது. பறவைகளோ தொலைவில் கடுகு சிதறியதைப் போல இருந்தன. நான் கேட்டிருந்தது பொய்யில்லை, கடிகாரத்தைத்தான் பார்க்கத் தவறிவிட்டேன். கோல சிலாங்கூருக்குத் தெற்கே அதே கரையில் இருக்கும் கிள்ளான் துறைமுகப் பகுதியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்கு நீர் உச்சத்தை எட்டி, நண்பகல் வாக்கில் முழுவதுமாக வற்றிவிடுகிறது.

இந்த உச்ச நேரம் நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே வீட்டில் தொங்கும் தமிழ் நாட்காட்டியில் திருதியை, சதுர்த்தி என்று குறித்திருக்கும் நாள்களில் உச்சம் எட்டு, ஒன்பது மணியளவில் வரும். காலை நடைக்கு அதுவே பொருத்தம். அட்டமி, நவமியில் உச்சம் நண்பகலை நெருங்கினாலும் ஏற்றம் குறைவு. இது தோராயக் கணக்குதான். கிள்ளான் துறைமுகத்துக்கான அலை அட்டவணையைப் பார்த்து நேரத்தை உறுதி செய்துகொண்ட பிறகே புலனத்தில் (வாட்ஸ்அப்) அழைப்பை அனுப்புங்கள்.

உச்சத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும். சேற்றில் இரை தேடிக்கொண்டிருக்கும் பறவைகளை ஏறிவரும் நீர் சிறிது சிறிதாகக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். சேறு முற்றிலும் மூழ்கியபின் அவை மேடான இடங்களில் கூடி ஓய்வெடுக்கும். அலையாத்திக் காட்டுக்குள் செல்லும் நடைபாலம் திறந்திருக்கிறதா என்று முந்தைய நாளே பூங்கா அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

குழுவில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். பாதை குறுகலானது, முன்னால் நடப்பவர் கண்ட பறவை கடைசி ஆள் வந்து சேர்வதற்குள் பறந்துவிடும். இருகண்ணோக்கியைப் பொறுத்தவரை எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 போதும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், ஏனெனில் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது புதியவர் கையில் நடுங்கிக்கொண்டே இருக்கும். குரலை வைத்துப் பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி, இலை மறைவு மிகுந்த அலையாத்திக் காட்டில் உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதை எந்தக் குழுவிலும் நான் அனுமதிப்பதில்லை.

குளக்கரையிலிருந்து தொடங்குங்கள். அங்கே சாம்பல் நாரையும் சின்னக் கொக்கும் அசையாமல் நிற்பதால், கண்ணோக்கியைச் சரிசெய்து பழக அவை வசதியானவை. பவளக்காலியின் சிவந்த காலையும் செம்பருந்தின் வெள்ளைத் தலையையும் புதியவர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள். செம்பருந்தைக் கருடன் என்று கும்பிடும் பாட்டி குழுவில் இருந்தால், அதை முதலில் காண்பவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

பின்னர்ச் சேர்த்தது: குரங்குகளைப் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். குன்றில் இருக்கும் வெள்ளிமுடி மந்திகள் சாதுவானவை. நீளவால் குரங்குகள் நெகிழிப் பையைக் கண்டால் பறித்துவிடும் என்பதால் உணவை முதுகுப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பினாங்கிலிருந்து ஒருவர், தெலுக் ஆயர் தாவார் கரையில் இந்தத் திதிக் கணக்கு பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார். அங்கே நீர் உச்சத்தை எட்டும் நேரம் கிள்ளானிலிருந்து பல மணி நேரம் வேறுபடுவதால், பினாங்குக்கான அட்டவணையை வைத்தே நாளைக் குறிக்க வேண்டும்.