சிமெண்ட் உலைக்கு பிளாஸ்டிக் அனுப்புவது எப்படி?

16 வருஷம் அண்டி ஆபீசில் முந்திரிப் பருப்பு தரம் பிரித்தேன். முழுசு தனி, பிளவு தனி, நொறுங்கல் தனி, கருகல் தனி. அதே கைதான் இப்போது எங்கள் பேரூராட்சியின் வளம் மீட்புப் பூங்காவில் பிளாஸ்டிக் பிரிக்கிறது. இங்கே வந்து 9 வருஷம் ஆகிறது. பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எக்கா, பிளாஸ்டிக்கில இருந்து கரண்ட் எடுக்கலாமாமே, டீசல் எடுக்கலாமாமே, என்ன மெஷின் வாங்கணும்?" மெஷினைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் கொட்டகையில் நடக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதைச் சரியாகச் செய்தால்தான் குப்பை எரிபொருளாகும்.

2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்து இவ்வளவு நெருக்கமாக மக்கள் வாழ்வது இங்கேதான். தக்கலையில் பஸ் ஏறி மார்த்தாண்டம் போனால் ஓர் ஊர் எங்கே முடிந்தது, அடுத்த ஊர் எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. குப்பை கொட்ட இடம் தேடினால் ஒரு பக்கம் குளம், ஒரு பக்கம் வயல், மிச்சம் வீடுகள். கொல்லையில் போட்டுக் கொளுத்தினால் அந்தப் புகை அடுத்த வீட்டுத் தொட்டிலுக்குத்தான் போகும். குறைந்த சூட்டில் அரைகுறையாக எரியும் பிளாஸ்டிக்கிலிருந்துதான் டையாக்சின் போன்ற நஞ்சுகள் வருகின்றன. சிமெண்ட் சூளையில் நடப்பது வேறு. உள்ளே சுண்ணாம்புக் கல் 1,450 டிகிரி வரை சூடாகிறது, சுடர் 2,000 டிகிரியைத் தொடுகிறது. எரிந்தபின் மிஞ்சும் சாம்பலும் கிளிங்கரோடு, அதாவது சிமெண்டாக அரைக்கும் கட்டியோடு, கலந்து சிமெண்டாகிவிடும். அதனால்தான் எங்கள் லாரி ஆரல்வாய்மொழி தாண்டி வடக்கே சிமெண்ட் ஆலைக்குப் போகிறது.

ஒரு கிலோ சுத்தமான பாலித்தீன் எரிந்தால் 10,000 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் கிடைக்கும். கிட்டத்தட்ட மண்ணெண்ணெய்க்குச் சமம். நம் நாட்டு நிலக்கரி பெரும்பாலும் 3,500 முதல் 4,500 வரைதான் தரும். இதையே மின்சாரக் கணக்கில் பார்த்தால், வெப்பத்தில் கால் பங்கை மின்சாரமாக்கும் நிலையத்தில் அந்த ஒரு கிலோ பாலித்தீன் சுமார் 3 யூனிட் தரும். மண்ணும் சோறும் ஈரமும் ஒட்டிய கலவைக் குப்பையோ ஒரு யூனிட்கூடத் தராமல் போகலாம். இந்த வித்தியாசம் முழுவதும் நம் கையில் இருக்கிறது. வெறும் தண்ணீரை ஆவியாக்கவே கிலோவுக்கு சுமார் 600 கிலோ கலோரி செலவாகிவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் விற்கக்கூடியதை எடுத்துவிடுங்கள். பால் கவர், தண்ணீர் பாட்டில், எண்ணெய் கேன், வாளி, குடம் எல்லாம் ஆக்கர் கடைக்கு (பழைய சாமான் வாங்கும் கடை) போகட்டும். மறுபடி பொருளாக மாறக்கூடிய ஒன்றை எரிப்பது பாவம் என்றே நினைக்கிறேன். மீன்பிடி வலையையும் தனியாகக் கட்டி வையுங்கள். அது பெரும்பாலும் நைலான், அதை வாங்க ஆள் உண்டு. துண்டாக்கும் இயந்திரத்துக்குள் போனால் தண்டில் சுற்றிக்கொண்டு அரை நாள் வேலையைக் கெடுக்கும். மெல்லிய கவர்கள் சுத்தமாகக் கிடைத்தால், தார் ரோடு போடுகிறவர்கள் கேட்கிறார்களா என்று விசாரியுங்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், ரோட்டுக் கலவையில் பிளாஸ்டிக் சேர்க்கக் காட்டிய வழி அது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இவை போக மிஞ்சுவதுதான் உலைக்கு. சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே, பல அடுக்கு ஒட்டிய பளபளக் காகிதம், அழுக்கேறிய கிழிசல் கவர். 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக்குக்கும் பிளாஸ்டிக் கப்புக்கும் தடை இருக்கிறது, ஆனால் இந்த பாக்கெட்டுகள் தினமும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. எங்கள் பக்கம் ரப்பர் மரத்தில் வெட்டு நனையாமல் இருக்கக் கட்டும் பிளாஸ்டிக்கும் நிறைய வரும். அதில் தார் ஒட்டியிருந்தால் பரவாயில்லை, குத்தியிருக்கும் பின்னை மட்டும் பிடுங்கிவிட வேண்டும்.

அடுத்ததில்தான் பலரும் தவறுகிறார்கள். பி.வி.சி. எதுவும் உள்ளே போகக் கூடாது. அதில் குளோரின் இருக்கிறது. அது சூளையின் மேல்பகுதியில் உப்பாகப் படிந்து வழியை அடைத்துவிடும், கொதிகலனாக இருந்தால் இரும்பை அரித்துவிடும். பைப் துண்டு, ஒயர் உறை, ரெக்சின், மாத்திரை அட்டை ஆகியவற்றைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். ஏமாற்றுவது ஃபிளெக்ஸ் பேனர்தான். கல்யாணத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் கோயில் கொடைக்கும் கட்டிய பேனர்களைச் சுருட்டி அப்படியே கொண்டுவந்து போடுவார்கள். "பெரிய பிளாஸ்டிக், நல்லா எரியும்" என்று புதிதாக வந்த பிள்ளைகள் அதை பேலில் (மெஷினில் அமுக்கிக் கம்பியால் கட்டும் பொதி) திணித்துவிடுவார்கள். ஃபிளெக்ஸ் என்பது துணிமேல் பூசிய பி.வி.சி.

சந்தேகம் வந்தால் நான் இரண்டு சோதனை செய்வேன். ஒரு வாளித் தண்ணீரில் சின்னத் துண்டைப் போட்டு, காற்றுக் குமிழ் ஒட்டாமல் விரலால் அமுக்கி விடுங்கள். பாலித்தீனும் பாலி புரோப்பிலீனும் மேலே வரும், பி.வி.சி. அடியில் போய்விடும். ஆனால் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கும் நைலானும்கூட மூழ்கும், அதனால் இது மட்டும் போதாது. இரண்டாவது, எங்கள் ஊர் வேதியியல் டீச்சர் சொல்லிக்கொடுத்தது. செம்புக் கம்பியைக் குறடால் பிடித்து, கேஸ் அடுப்புச் சுடரில் நிறம் எதுவும் வராத வரைக்கும் காய்ச்ச வேண்டும். சூடான முனையால் பிளாஸ்டிக்கைத் தொட்டால் துளி ஒட்டும். மறுபடி சுடரில் காட்டினால், குளோரின் இருக்கும் துண்டு சட்டென்று பச்சையாக எரியும். முதல்முறை அந்தப் பச்சையைப் பார்த்தபோது கொட்டகையில் இருந்த ஏழு பெண்களும் சுற்றி நின்று பார்த்தோம். அதற்குப் பிறகு யாரும் ஃபிளெக்ஸை உள்ளே போடவில்லை. இதைத் திறந்தவெளியில், காற்று முதுகுப்பக்கம் வீசும்படி நின்று, கடுகளவு துண்டில் மட்டும் செய்யுங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குளச்சல், முட்டம், சின்னமுட்டம் கரையில் பொறுக்கிய பிளாஸ்டிக்கில் கடல் உப்பு படிந்திருக்கும். உப்பிலும் குளோரின்தான். பி.வி.சி. ஒரு துண்டுகூட இல்லாத சரக்குக்கும் குளோரின் அளவு ஏறிவிடும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசியே ஆக வேண்டும். 2025 மே மாதம் கொச்சி அருகே சரக்குக் கப்பல் மூழ்கியபோது நம் கரையிலும் வெள்ளை பிளாஸ்டிக் மணிகள் அரிசிபோல ஒதுங்கின. அந்த மாதிரி மணிகளை மண்ணோடு அள்ளி பேலில் கொட்டாதீர்கள். அது பேல் கட்டில் நிற்காது, வழியெல்லாம் சிந்தும். தனிச் சாக்கில் கட்டி அதிகாரிகளிடம் ஒப்படைப்பதுதான் சரி.

அப்புறம் காயவைத்தல். எங்கள் முதல் லாரி திரும்பி வந்த கதையைச் சொல்கிறேன். ஆடி மாசம். நாள் முழுக்கச் சாரல். கொட்டகை நிறைந்துவிட்டது என்று அவசரமாக பேல் கட்டி ஏற்றினோம். கட்டும்போதே கம்பி வழியாகத் தண்ணீர் சொட்டியது, அதைப் பார்த்துக்கொண்டேதான் கட்டினேன். ஆலையில் மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு ஈரம் அதிகம் என்று அப்படியே திருப்பிவிட்டார்கள். போக வர லாரி வாடகை பேரூராட்சி தலையில் விழுந்தது. இறக்கிப் பிரித்தபோது நடுவில் சோறு புளித்த நாற்றம், புழு. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அதிலிருந்து அளக்காமல் எதையும் ஏற்றுவதில்லை. பேல் கட்டுவதற்கு முன் குவியலின் மேலே, நடுவே, அடியே என மூன்று இடத்தில் கை விட்டு எடுத்து, சரியாக 1,000 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். தார்ப்பாயில் பரப்பி, எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை வெயிலில் போடுங்கள். மறுபடி நிறுக்கும்போது 780 கிராம் இருந்தால் ஈரம் 22 சதவீதம். நாங்கள் 15க்குக் கீழே வந்தால்தான் கட்டுவோம். உங்கள் ஆலை கேட்கும் அளவை முன்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நமக்கு வருஷத்தில் இரண்டு மழை, ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. அந்த மாதங்களில் பிரிப்பதோடு நிறுத்தி, கூரைக்கு அடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக் காயவையுங்கள். முப்பந்தல் பக்கம் காற்றாலை சுற்றுகிற அதே காற்று நமக்கு இரண்டு மணி நேரத்தில் கவரைக் காயவைத்துத் தரும். ஆனால் மேலே பழைய மீன்வலை போட்டு மூடாவிட்டால் பாதிச் சரக்கு அடுத்த விளையில் (தோப்பில்) கிடக்கும்.

காய்ந்ததைக் கம்பி வலைத் தட்டில் போட்டு உதறினால் மண் கீழே விழும். மண் எரியாது, எடை மட்டும் கூடும். இந்த நேரத்தில் பொம்மை, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை எதிலாவது பேட்டரி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பேல் மெஷினில் நசுங்கினால் அதிலிருந்தே தீ பிடிக்கும். பேல்களைச் சுவரிலிருந்தும் மின்பெட்டியிலிருந்தும் தள்ளி, நடுவில் ஆள் நடக்க வழி விட்டு, மரப் பலகைமேல் அடுக்குங்கள். பக்கத்தில் மணல் வாளி இருக்கட்டும்.

இப்போது மெஷின். பிளாஸ்டிக்கைக் காற்றில்லாமல் 350 முதல் 500 டிகிரி வரை சூடாக்கி எண்ணெய் எடுப்பது உண்மைதான். அதற்கு சுத்தமான பாலித்தீன், பாலி புரோப்பிலீன் நாள் தவறாமல் டன் கணக்கில் வேண்டும். வெளியே வரும் வாயு தீப்பற்றும், மிஞ்சும் கரியை எங்கே போடுவது என்று பார்க்க வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி வேண்டும், அந்த எண்ணெயை அப்படியே வண்டியில் ஊற்றவும் முடியாது. ஒரு பேரூராட்சி தனியாக இதில் இறங்கக் கூடாது என்பதே என் கருத்து. எண்ணெய் டின்னை அடுப்பில் வைத்து வீட்டிலேயே செய்து காட்டும் வீடியோக்களை நம்பி உயிரை விடாதீர்கள். அந்தப் பணத்துக்கு ஒரு பேல் மெஷினும் நல்ல கூரையும் வாங்குங்கள்.

பேரூராட்சியில் பேசும்போது ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 1,500 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் தரும் மறுசுழற்சி செய்ய முடியாத கழிவை மண்ணில் புதைக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. அவற்றுக்குப் பதிலாக 2026இல் வந்த புதிய விதிகளும் எரிபொருளாகக்கூடிய கழிவைப் புதைக்க விடுவதில்லை. லாரி வாடகைக்குப் பணம் ஒதுக்க மாட்டோம் என்று யாராவது சொன்னால் நான் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

லாரி கிளம்பும் முன் எடைமேடைச் சீட்டில் எடையும் தேதியும் வண்டி எண்ணும் சரியா என்று பார்த்து ஒரு நகல் வாங்குங்கள். ஆலையில் இறக்கியபின் அவர்கள் தரும் சீட்டையும் டிரைவரிடம் மறக்காமல் கேட்டு வாங்கி, இரண்டையும் சேர்த்து ஆணியில் குத்தி வையுங்கள். இரண்டு எடையும் ஒத்துப்போனால்தான் சரக்கு வழியில் எந்தக் குளத்திலும் இறங்கவில்லை என்று தெரியும்.