தோல்வியில் முடியும் நாடகம்: விவாத அரங்கு நடத்துவது எப்படி

சமூகப் பிரச்சினை ஒன்றை நாடகமாக்கும் குழுக்கள் பெரும்பாலும் கடைசிக் காட்சியில் தீர்வையும் தாங்களே சொல்லிவிடுகின்றன. பார்த்தவர்கள் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். பிரேசில் நாட்டு நாடக இயக்குநர் அகஸ்தோ போவால் 1970களில் உருவாக்கிய விவாத அரங்கில் அப்படியொரு கடைசிக் காட்சி கிடையாது. அங்கே நாடகம் தோல்வியில் முடிகிறது. பிறகு அதே நாடகம் மறுபடியும் தொடங்க, பார்வையாளர்களில் எவரும் “நிறுத்துங்கள்” என்று குரல்கொடுத்து எழுந்து வந்து, பாதிக்கப்பட்ட பாத்திரத்தின் இடத்தில் நின்று, தாம் என்ன செய்திருப்பார் என்பதை நடித்துக் காட்டலாம்.

இந்த முறையைக் கையில் எடுப்பவர்கள் அது எதனால் பிறந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1960களின் தொடக்கத்தில் போவாலின் குழு வடகிழக்குப் பிரேசிலின் கிராமங்களில், நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று முழங்கும் நாடகம் ஒன்றைப் போட்டது. அதைப் பார்த்த விர்ஜீலியோ என்ற விவசாயி, அப்படியானால் உங்கள் துப்பாக்கிகளோடு எங்களுடன் வாருங்கள், நிலக்கிழாரின் ஆட்களை எதிர்ப்போம் என்று அழைத்தார். துப்பாக்கிகள் வெறும் மேடைப் பொருள்கள்தாம் என்று நடிகர்கள் விளக்க வேண்டியதாயிற்று. தாம் ஏற்கத் தயாராக இல்லாத ஆபத்தைப் பிறருக்கு அறிவுரையாகச் சொல்லக் கூடாது என்ற முடிவுக்கு போவால் வந்தது அதன் பிறகுதான். ராணுவ ஆட்சி 1971இல் அவரைச் சிறைப்படுத்தி வதைத்தது. நாட்டைவிட்டு வெளியேறிய அவர், 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தார். அங்கே ஒரு நாடகத்தில், தன் யோசனையை நடிகர்கள் சரியாக நடித்துக் காட்டவில்லை என்று பொறுமையிழந்த ஒரு பெண் தானே மேடையேறி, துடைப்பத்தைக் கையிலெடுத்து, கணவனாக நடித்தவரை வெளுத்து வாங்கினார். விவாத அரங்கின் தொடக்கமாக போவால் சொல்வது இந்த நிகழ்ச்சியைத்தான்.

முதல் வேலை, கருவைச் சுருக்குவது. “பெண்ணுரிமை” என்பது கருவாகாது. யார், எந்த இடத்தில், யாரிடம் எதைக் கேட்டு மறுக்கப்பட்டார் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிவதே கரு. எடுத்துக்காட்டாக, கடை ஊழியர்கள் வேலைக்கிடையே உட்காருவதற்கு இருக்கை வசதி செய்துதர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் கொண்டுவரப்பட்டது. கேரளத்தில் 2018இலேயே இது வந்துவிட்டது. இருக்கை போடப்பட்டிருந்தும் உட்காரத் துணியாத ஒரு ஜவுளிக்கடைப் பெண்ணின் பிற்பகல் விவாத அரங்குக்கு மிகப் பொருத்தமான கரு. ஏனென்றால் சட்டத்துக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவே நிற்பது எது என்று பார்வையாளர்கள்தாம் கண்டுபிடிக்க வேண்டும்.

நாடகத்தை எழுதிக்கொண்டு போகாதீர்கள். அந்த வேலையைச் செய்பவர்கள், முன்பு செய்து விலகியவர்கள் என்று பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு, பேச்சில்லாமல் உடலாலேயே காட்சிகளை உறைநிலையில் அமைக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் வருகிறார், மேற்பார்வையாளர் பார்க்கிறார், கால் கடுக்கிறது என்பதெல்லாம் அந்தச் சிலைகளில் வந்துவிடும். கூச்சத்தால் வாய் திறக்காதவர்கள் இதில்தான் முந்துவதையும் பார்ப்பீர்கள். பிறகு வசனம் சேர்த்து, பதினைந்து இருபது நிமிடத்துக்குள் அடங்கும் நாடகமாக்குங்கள். கதாநாயகிக்குத் தெளிவான விருப்பம் இருக்க வேண்டும். அவள் முயன்று தோற்க வேண்டும். தோற்ற இடங்களில் வேறு வழி இருந்திருக்கக்கூடும் என்று பார்ப்பவருக்குத் தோன்ற வேண்டும். மேற்பார்வையாளரை மீசை முறுக்கும் வில்லனாக்கிவிட்டால் நாடகம் செத்துவிடும். அவருக்கும் மேலிருந்து நெருக்கடி வருவதைக் காட்டினால்தான் பேரம் பேச இடம் கிடைக்கும்.

பார்வையாளர்களுக்கும் நாடகத்துக்கும் இடையில் நிற்பவரை போவால் ஜோக்கர் என்றார். நம் தெருக்கூத்துக் கட்டியங்காரனும் இப்படி இடையில் நிற்பவன்தான், ஆனால் அவன் கிண்டலடித்துத் தன் கருத்தையும் சொல்லிவிடுவான். ஜோக்கருக்கு அந்தச் சலுகை இல்லை. விதிகளைச் சொல்வதும், எழுந்து வருபவரை வரவேற்பதும், “இது நம் ஊரில் நடக்குமா?” என்று கூட்டத்தையே கேட்பதும் அவர் வேலை. முதலாளி திடீரென்று மனம் திருந்தினார் என்று ஒருவர் நடித்தால், அது மாயாஜாலமா இல்லையா என்பதைக் கூட்டம் தீர்ப்பளிக்கட்டும். ஒடுக்குபவரின் இடத்தில் பார்வையாளரை நிறுத்தாதீர்கள். மற்ற நடிகர்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவும் கூடாது, வந்தவரை நசுக்கவும் கூடாது. ஒத்திகையில் அதிக நேரம் தர வேண்டியது இதற்குத்தான். முதல் ஆள் எழ நேரமாகும். அந்த மௌனத்துக்குப் பயந்து ஜோக்கர் பேசிக்கொண்டே போவதுதான் நான் அதிகம் பார்த்திருக்கும் கோளாறு.

கடை வாசலில் நடத்துவதைவிட, ஊழியர்கள் குடியிருக்கும் தெருவில் வேலை முடிந்த நேரத்தில் நடத்துவது மேல். எந்தக் கடையின் பெயரும் வேண்டாம். இப்போது வேலையில் இருப்பவர் தம் கதையில் தாமே நடிக்கவும் வேண்டாம், ஏனெனில் வேலை போனால் அவருக்குத்தான் போகும். நாடகத்தைப் படமெடுத்துப் பரப்புவதை ஊழியர்களின் ஒப்புதல் இன்றிச் செய்யாதீர்கள். காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

குழுவில் ஒருவர் நடிக்காமல் எழுத மட்டுமே உட்கார வேண்டும். எந்த இடத்தில் நிறுத்தினார்கள், என்ன முயன்றார்கள், எது தடுத்தது என்பதெல்லாம் குறிப்பேட்டில் ஏற வேண்டும். இது இல்லாவிட்டால் நடந்தது ஒரு நல்ல மாலைப்பொழுது, அவ்வளவே. போவால் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனீரோ மாநகர மன்ற உறுப்பினராக இருந்தபோது, இத்தகைய அரங்குகளில் வந்த யோசனைகளைச் சட்ட முன்வரைவுகளாக எழுதி மன்றத்தில் வைத்தார். அவற்றில் 13 சட்டங்களாயின. நம் எடுத்துக்காட்டில் சட்டம் ஏற்கெனவே இருப்பதால், குறிப்பேட்டின் சாரம் ஒரு மனுவாகித் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் போக வேண்டும்.

அதன்பின் அதே தெருவுக்குத் திரும்பிப் போங்கள். மேற்கு வங்கத்தில் 1985இல் தொடங்கப்பட்ட ஜன சம்ஸ்கிருதி குழு, ஒரே நாடகத்தோடு ஒரே கிராமத்துக்கு மீண்டும் மீண்டும் போவதை வழக்கமாகவே வைத்திருக்கிறது. இரண்டாம் முறை போகும்போது மனுவுக்கு வந்த பதிலை, எதுவுமே வரவில்லை என்றால் அதையும், நாடகத்தின் புதிய முதல் காட்சியாக்கி, விளையாட்டை அங்கிருந்து தொடங்குங்கள்.