கண் பரிசோதனைக் கிளினிக் நடத்த மாதம் எவ்வளவு ஆகும்? படிப்படியாக ஒரு கணக்கு

பி.ஆப்டம் (கண் பரிசோதனைப் பட்டப்படிப்பு) முடித்துவிட்டுத் தனியாகத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது ஆட்டோரெஃப், அதாவது கண்ணின் பவரைத் தானாக அளக்கும் மெஷின், விலையைத்தான். அதை ஒருமுறை வாங்கினால் முடிந்தது. கிளினிக்கை இரண்டாம் வருடத்தில் மூட வைப்பது மாதாமாதம் கைவிட்டுப் போகும் செலவு. அதை ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் எந்தக் கருவி வேண்டும், என்ன கட்டணம் வைக்கலாம் என்பதெல்லாம் தானாகத் தெளிவாகும். இந்தத் தொழிலில் அதற்கு ‘சேர் காஸ்ட்’ என்று பெயர். இங்கே நாற்காலிச் செலவு என்று வைத்துக்கொள்வோம்.

புதுச்சேரி, கடலூர் பக்கம் இந்தக் கணக்கு கூடுதலாக முக்கியம். தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர் என்று குறைந்த கட்டணத்திலும் இலவசமாகவும் பார்க்கும் பெரிய இடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பரிசோதனைக் கட்டணத்தை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது.

கீழே வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் முறையைக் காட்டுவதற்கான மாதிரி. உங்கள் தெரு வாடகை, உங்கள் சப்ளையர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: அறையின் நீளத்தை அளந்த பிறகு வாடகை பேசுங்கள்

பார்வை அட்டைக்கு 6 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 20 அடி தூரம் வேண்டும். அவ்வளவு நீளமான கடை கிடைத்தால் வாடகையும் நீளும். 10 அடி அறையில் எதிர்ச்சுவரில் கண்ணாடி மாட்டி, இடவலம் மாறிய எழுத்து அட்டையை நோயாளியின் தலைக்கு மேலே பின்பக்கம் வைத்தால் 6 மீட்டர் கிடைத்துவிடும். 3 மீட்டருக்கு அளவு மாற்றக்கூடிய எல்இடி சார்ட் வாங்கினால் கண்ணாடியும் வேண்டாம். ஆனால் 3 மீட்டரில் கண்டுபிடித்த பவர், தொலைவைப் பார்க்கத் தேவையானதைவிட ஏறக்குறைய 0.33 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) பிளஸ் பக்கம் தள்ளியிருக்கும். இறுதிப் பவரைக் கொடுக்கும் முன் நோயாளியை வாசலுக்குக் கூட்டிப்போய்த் தூரத்தில் ஒரு பலகையைப் பார்க்கச் சொல்லிச் சரிபார்ப்பது நல்லது.

தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் கடை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். காரணம் வெள்ளம், படி 8இல் வரும்.

படி 2: கருவிகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

முதல் நாளே வேண்டியவை: ட்ரையல் செட் (சோதனை லென்ஸ் பெட்டி), ட்ரையல் ஃபிரேம், ஸ்ட்ரீக் ரெட்டினோஸ்கோப் (ஒளி பாய்ச்சிப் பவர் அளப்பது), கிராஸ் சிலிண்டர் (சிலிண்டர், அதாவது ஒரு திசையில் மட்டும் உள்ள பவரைச் சரிபார்ப்பது), தமிழ் எழுத்துள்ள தூர அட்டை, கிட்ட அட்டை, ஆப்தல்மோஸ்கோப் (கண்ணின் உட்புறம் பார்ப்பது), லென்சோமீட்டர் (கண்ணாடியின் பவரை அளப்பது), பி.டி. (இரு கண்மணிகளின் இடைதூரம்) ஸ்கேல், ஸ்லிட் லாம்ப் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் நுண்ணோக்கி). இவை இருந்தால் முழுப் பரிசோதனை செய்யலாம்.

வசதி வந்தபின்: ஆட்டோரெஃப், காற்றடித்துக் கண் அழுத்தம் பார்க்கும் டோனோமீட்டர். ஆட்டோரெஃப் நேரத்தை மிச்சப்படுத்தும், அவ்வளவுதான். பிள்ளைகள் உள்ளே படத்தைக் கிட்டத்தில் இருப்பதுபோல் கூர்ந்து பார்த்தால் மைனஸ் கூடுதலாகக் காட்டும். அந்தச் சீட்டை அப்படியே எழுதிக்கொடுத்தால் அடுத்த வாரம் தலைவலி என்று திரும்பி வருவார்கள். அதன் சீட்டு வெப்பத்தாளில் அச்சாவதால் சில மாதத்தில் வெளிறிவிடும். அளவை நோயாளி அட்டையில் கையால் எழுதி வையுங்கள்.

கடைசியில், கணக்குப் போட்டுப் பார்த்து: லென்ஸ் வெட்டும் எட்ஜர். 2,50,000 ரூபாய் மெஷின் 8 வருடம் உழைத்தால் மாதம் 2,604 ரூபாய். வெளியே ஃபிட்டிங் ஜோடிக்கு 50 ரூபாய் என்றால், மாதம் 78 ஜோடிக்கு 3,900. மிச்சம்போலத் தெரியும். வீல் தேய்மானம், ஃபிட்டர் சம்பளம், வெட்டும்போது உடையும் லென்ஸ் மூன்றையும் சேர்த்தால் மிச்சம் காணாமல் போகும். வெளி லேபில் (லென்ஸ் செய்து பொருத்தித் தரும் இடம்) உடைந்தால் நஷ்டம் பொதுவாக அவர்களுடையது.

கடற்காற்று ஊர் என்பதால் ஒரு சின்னச் செலவைத் தவிர்க்காதீர்கள்: கருவி உறைக்குள் சிலிக்கா ஜெல். ஸ்லிட் லாம்பின் உள்லென்ஸில் பூஞ்சை பிடித்தால் துடைத்து எடுக்க முடியாது, கழற்றித்தான் ஆகவேண்டும். மெட்டல் ஃபிரேம்களின் கீலில் பச்சை பூப்பதும் இதே ஈரத்தால்தான்.

படி 3: மாதச் செலவுத் தாள்

வாடகை 18,000
இரண்டு ஊழியர் 27,000
உங்கள் சம்பளம் 35,000
மின்சாரம் 5,500
போன், இணையம், மென்பொருள் 1,500
ஆடிட்டர் 2,500
ஸ்பிரிட், தாள், பல்பு, நோஸ்பேட் போன்றவை 2,500
காப்பீடு, உரிமம், கருவிப் பராமரிப்பு (வருடச் செலவில் 12இல் ஒரு பங்கு) 3,000
கருவித் தேய்மானம் 6,250
கடன் வட்டி 5,000
விளம்பரம் 2,950

மொத்தம் 1,09,200 ரூபாய்.

இதில் புதியவர்கள் விட்டுவிடுவது இரண்டு வரி. ஒன்று, உங்கள் சம்பளம். ‘நம்ம கடைதானே’ என்று பூஜ்யம் போட்டால், லாபம் வருகிறதா, உங்கள் உழைப்பை இலவசமாகக் கொடுக்கிறீர்களா என்று கடைசிவரை தெரியாது. இரண்டு, தேய்மானம். 6 லட்சம் ரூபாய்க் கருவி, 8 வருடம் ஓடும் என்றால் 96 மாதத்துக்கு வகுத்து மாதம் 6,250. இதைத் தனி வங்கிக் கணக்கில் உண்மையாகவே எடுத்துப் போட்டால்தான் பழையது போகும்போது புதிய கடன் வாங்காமல் இருக்கலாம். வருமான வரியில் இயந்திரங்களுக்கு 15%, கணினிக்கு 40%, மேசை நாற்காலிக்கு 10% என்று தேய்மானம் காட்டுவது வேறு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 4: நாற்காலிச் செலவு

மாதம் 26 நாள், நாளுக்கு 10 பேர் வந்தால் 260 பேர். 1,09,200 ÷ 260 = 420 ரூபாய்.

புதிய கிளினிக்கில் 10 பேர் வருவார்கள் என்று நம்பிக் கட்டணம் வைக்கக் கூடாது. 6 பேர் என்று வைத்தால் 156 பேர். ஆளுக்கு 700 ரூபாய். வருபவர் வந்தாலும் வராவிட்டாலும் செலவு அதேதான் என்பதால் காலியான ஒவ்வொரு நேரமும் மற்றவர் தலையில் ஏறுகிறது.

கட்டணம் 150 ரூபாய் என்றால் ஆளுக்கு 550 பற்றாக்குறை. மாதம் 85,800. பாதிப்பேர், அதாவது 78 பேர், உங்களிடமே கண்ணாடி வாங்கினால் ஒவ்வொரு ஜோடியும் 1,100 ரூபாய் மொத்த லாபம் தரவேண்டும். மூன்றில் ஒருவர்தான் வாங்குகிறார் என்றால் 1,650. சீட்டை வாங்கிக்கொண்டு பக்கத்துக் கண்ணாடிக் கடைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று தினமும் ஒரு கோடு போட்டு எண்ணி வையுங்கள். இந்தத் தொழிலில் அதைவிட முக்கியமான எண் கிடையாது.

படி 5: ஒரு ஜோடியின் உள்கணக்கு

2,000 ரூபாய்க்கு விற்கும் கண்ணாடி: ஃபிரேம் 450, லென்ஸ் 350, ஃபிட்டிங் 50, பெட்டியும் துணியும் 40. செலவு 890, மிச்சம் 1,110. தேவையான 1,100ஐ மயிரிழையில் தாண்டுகிறது. ஆனால் அந்த 2,000 ஜிஎஸ்டி உட்பட்ட விலை என்றால் 5% வரியாக 95 ரூபாய் போய்விடும், மிச்சம் 1,015. அப்போதே நஷ்டம். விலைச்சீட்டு ஒட்டும்முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஃபிரேம் சரக்கில் பணம் முடங்குவதும் கவனிக்கவேண்டியது. 300 ஃபிரேம் × 450 = 1,35,000. ரெடி லென்ஸ் எல்லாம் அடுக்கி வைக்கலாம் என்று நினைத்தால்: பிளஸ் 4 முதல் மைனஸ் 4 வரை கால் கால் படியாக 33 பவர், ஒவ்வொன்றுக்கும் சிலிண்டர் இல்லாதது முதல் 2 வரை 9 வகை, மொத்தம் 297 வகை. ஒரே ஒரு கோட்டிங்கில் இவ்வளவு. தேவைப்படும்போது லேபில் வாங்குவதே மேல்.

படி 6: ஜிஎஸ்டி, எல்லைக்கு எந்தப் பக்கம்?

கண் பரிசோதனைக் கட்டணம் சுகாதாரச் சேவை என்பதால் வரி கிடையாது. பவர் கண்ணாடி, ஃபிரேம், கான்டாக்ட் லென்ஸ் ஆகியவற்றுக்கு 22 செப்டம்பர் 2025 முதல் 5%. அதற்கு முன் 12%. பழைய பில்லைப் பார்த்து விலை போட்டவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

பதிவு வரம்பில்தான் இரண்டு ஊருக்கும் வித்தியாசம். பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் வருட விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. புதுச்சேரியில் 20 லட்சம்தான். புதுச்சேரிப் பக்கக் கிருமாம்பாக்கத்துக் கடைக்கும் தமிழ்நாட்டுப் பக்க ரெட்டிச்சாவடிக் கடைக்கும் பஸ்ஸில் சில நிமிடம்தான், வரம்பு வேறு. ஆனால் நீங்கள் பரிசோதனைச் சேவையும் தருகிறீர்கள். ‘பொருள் மட்டும்’ என்ற 40 லட்ச வரம்பு உங்களுக்குப் பொருந்துமா என்று ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். புதுச்சேரியிலிருந்து கடலூர் வாடிக்கையாளர் வீட்டுக்குக் கூரியரில் கண்ணாடி அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநிலம் விற்பனை, தொகை எவ்வளவானாலும் பதிவு வேண்டும். அவரே கடைக்கு வந்து வாங்கிப்போனால் இந்தச் சிக்கல் இல்லை.

இன்னொரு மறைவான செலவு: பதிவில்லாத கட்டிட உரிமையாளரின் கடையைப் பதிவுள்ளவர் வாடகைக்கு எடுத்தால், அக்டோபர் 2024 முதல் வாடகைக்கு 18% வரியை வாடகைதாரரே கட்டவேண்டும். 18,000 வாடகைக்கு 3,240. பரிசோதனை வரிவிலக்குச் சேவை என்பதால் அதை முழுதாகத் திரும்ப எடுக்கவும் முடியாது. காம்போசிஷன் (சிறு வணிகர்களுக்கான எளிய ஜிஎஸ்டி) முறையில் இருப்பவர்களுக்கு இதிலிருந்து பிறகு விலக்கு வந்தது.

படி 7: ரீமேக்கைக் குறையுங்கள்

ஒரு கண்ணாடி சரியில்லை என்று திரும்பி வந்து மறுபடி செய்ய நேர்ந்தால் (இதுதான் ரீமேக்): புது லென்ஸ் 350, ஃபிட்டிங் 50, கூரியர் 60, மறுபரிசோதனைக்கு நாற்காலிச் செலவு 700. ஆக 1,160. ஒரு ஜோடியின் முழு லாபமும் போய், கையிலிருந்தும் 50 ரூபாய் போடவேண்டும். ரீமேக்குக்கு ஒரு நோட்டு போட்டு, தேதி, காரணம், தொகை எழுதி வாருங்கள். திரும்பத் திரும்ப வரும் காரணங்கள் இவை:

ஆக்ஸிஸ் (சிலிண்டரின் கோணம்) எழுதும்போது டிகிரிச் சுழி போடுவது. 5க்குப் பக்கத்தில் சுழி போட்டால் லேபில் 50 என்று படிப்பார்கள். சுழியே போடக் கூடாது, மூன்று இலக்கமாக 005 என்று எழுதவேண்டும்.

போனில் ஆர்டர் சொல்வது. ‘ஒண்ணேகால்’ ‘ஒண்ணரை’ ஆகிவிடும், பிளஸ் மைனஸ் மாறும். எழுதி வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புங்கள்.

சிலிண்டரை மாற்றி எழுதும்போது பாதி மாற்றுவது. +1.00 / -2.00 × 180 என்பது -1.00 / +2.00 × 090 ஆகவேண்டும். ஆக்ஸிஸை 90 ஆக்கிவிட்டுக் குறியை மறந்தால் லென்ஸ் குப்பைக்கு.

பி.டி. தவறு. மையம் விலகிய சென்டிமீட்டரைப் பவரால் பெருக்கினால் பிரிசம் (பார்வையை ஒருபக்கம் இழுக்கும் விளைவு) வரும். மைனஸ் 5 லென்ஸில் 4 மில்லிமீட்டர் விலகினால் 0.4 × 5 = 2 பிரிசம். மைனஸ் 1 ஆளுக்கு அதே பிழை 0.4தான், சொல்லவே மாட்டார். பவர் கூடக்கூட இரண்டு தடவை அளங்கள், ஒவ்வொரு கண்ணுக்கும் தனியாக.

புரோகிரசிவில் (தூரத்துக்கும் கிட்டப் படிக்கவும் ஒரே லென்ஸ்) உயரத்தை ஃபிரேமை முகத்தில் சரிசெய்வதற்கு முன்பே குறிப்பது. மூக்குப் பட்டையை வளைத்த பிறகு ஃபிரேம் இரண்டு மில்லிமீட்டர் இறங்கும், படிக்கும் பகுதியும் கூடவே இறங்கும். புரோகிரசிவ் லென்ஸ் விலையில் இந்தத் தவறு மேலே சொன்ன 1,160ஐப் பல மடங்காக்கும்.

லேபிலிருந்து வந்த ஒவ்வொரு ஜோடியையும் லென்சோமீட்டரில் வைத்துப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். இரண்டு நிமிட வேலை.

படி 8: மழைக்காலத்துக்கு முன் இருப்பு

பள்ளி திறக்கும் ஜூனில் கூட்டம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் நாற்காலி காயும், ஊழியர் போனஸும் அப்போதுதான் வரும். செப்டம்பருக்குள் இரண்டு மாதச் செலவு, மேலே உள்ள தாளின்படி 2,18,400 ரூபாய், கையில் இருக்கவேண்டும்.

30 நவம்பர் 2024 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. யூபிஎஸ், மின்மேசையின் மோட்டார், எட்ஜரின் தண்ணீர் பம்பு எல்லாம் வழக்கமாகத் தரையில்தான் கிடக்கும். இரண்டடி உயரத் திண்டு கட்டி அதன்மேல் ஏற்றுங்கள். காப்பீட்டுத் தாளில் ‘தீ’ என்று இருந்தால் போதாது; புயல், வெள்ளம் சேர்த்திருக்கிறார்களா என்று அந்த வரியைத் தேடிப் படியுங்கள். ஒவ்வொரு கருவியின் பில்லையும் வரிசை எண் தெரியும்படி எடுத்த படத்தையும் மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள்; காப்பீட்டுச் சர்வேயர் வந்ததும் முதலில் கேட்பது அதைத்தான்.